தலைக்கட்டு வரியும் திறந்த இதழும்

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில், அதாவது திருவிழாக்களில், கால்நாட்டுக்கு முன்பே ஒரு நீள நோட்டு புறப்பட்டுவிடும். தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு வரி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வார்கள். பிறகு நோட்டும் கையுமாக இரண்டு பேர் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். வரி சேர்ந்தால்தான் வில்லுப்பாட்டுக்கு முன்பணம், மேளத்துக்கு முன்பணம், கணியான் கூத்துக்கு ஆள். ஆனால் கொடை அன்று இரவு பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேட்டால், "நீர் வரி கொடுத்தீரா?" என்று யாரும் கேட்பதில்லை. செலவு முன்பே தீர்ந்துவிட்டது. கேட்பவர் கூடுவதால் வில்லுக்கு ஒன்றும் குறைந்துபோவதில்லை.

ஆய்விதழ்களைத் திறந்த அணுக்கத்துக்கு மாற்றுவது என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் இந்த நோட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பேச்சில் ஓபன் ஆக்சஸ் என்று சொல்வதைத்தான் எழுத்தில் திறந்த அணுக்கம் என்கிறோம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் பல ஆண்டுகள் இதழ்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் நான். ஓய்வுக்குப் பிறகு நண்பர்கள் நடத்தும் ஒரு தமிழ் ஆய்வுக் காலாண்டிதழை இணையத்தில் திறந்து வைக்கும் வேலையில் கூடமாட இருந்தேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆய்விதழ் என்பது வார இதழைப் போன்றது அன்று. ஒருவர் தாம் கண்டறிந்ததை எழுதி அனுப்புகிறார். அதே துறை தெரிந்த இன்னும் இரண்டு பேர் அதைப் படித்துக் குறை சொல்கிறார்கள். எழுதியவர் திருத்துகிறார். அதற்குப் பிறகுதான் அச்சேறும். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் 1665-இல் தொடங்கிய இதழிலிருந்து ஆய்விதழ் மரபைக் கணக்கிடுவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நெல்லை ஆய்வுக் குழுவை உருவாக்கிய நா. வானமாமலை 1969-இல் இதே பாளையங்கோட்டையிலிருந்து ‘ஆராய்ச்சி’ என்ற இதழைத் தொடங்கினார். பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாமலேயே ஒரு ஊரிலிருந்து ஆய்விதழ் நடத்த முடியும் என்று எங்களுக்குக் காட்டிய இதழ் அது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எழுதுகிறவருக்குப் பணம் கிடையாது. மதிப்பீடு செய்கிறவருக்கும் கிடையாது. இருவருக்கும் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோதான். வெளிவந்த இதழைச் சந்தா கட்டி வாங்குவதும் அதே கல்லூரியின் நூலகம்தான். சொந்த வயலில் விளைந்த நெல்லைக் கடையில் காசு கொடுத்து வாங்கித் தின்பது போல. சிறிய இதழ்கள் இதில் லாபம் பார்ப்பதில்லை, அச்சுக்கூலி தேறினால் போதும் என்றிருப்பார்கள். உலக அளவில் பெரிய பதிப்பகங்களின் கதை வேறு. விலை ஏற ஏற, நூலகங்கள் ஒவ்வொரு தலைப்பாக வெட்டிக்கொண்டே போயின. ஆண்டுதோறும் எதை நிறுத்தலாம் என்று பட்டியல் போடும் வேலையை நானும் செய்திருக்கிறேன். கசப்பான வேலை அது.

இந்த நிலையில்தான் 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. ஆய்வுக் கட்டுரைகள் இணையத்தில் விலையில்லாமல் கிடைக்க வேண்டும். யாரும் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், படியெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எழுதியவரின் பெயரைச் சொல்ல வேண்டும், எழுத்தைச் சிதைக்கக் கூடாது. சுருக்கம் அவ்வளவுதான். ஆனால் இதில் இரண்டு பாதிகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். விலை இல்லை என்பது ஒரு பாதி. பயன்படுத்த அனுமதி உண்டு என்பது மறு பாதி. நம் ஊர் இதழ்களில் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். பிடிஎஃப் கோப்பை இணையதளத்தில் ஏற்றிவிட்டு, அடியில் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்று ஒரு வரியும் போட்டுவிடுவார்கள். அது இலவச இதழ், திறந்த இதழ் ஆகாது. ஆசிரியர் ஒருவர் அதிலிருந்து 40 படி எடுத்து வகுப்பில் கொடுக்கலாமா என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டதே, இனி எல்லாம் திறந்துதானே கிடக்கும் என்று கேட்கிறார்கள். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசின் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுமாக 6,300 இடங்கள். பெரிய காரியம்தான். ஆனாலும் அது சந்தாதான். சந்தாவை நாட்டுக்கே சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வாசலுக்கு உள்ளே இருப்பவர் படிக்கலாம். கல்லிடைக்குறிச்சியில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் பள்ளி ஆசிரியருக்கு அந்தக் கதவு திறக்காது. கொடைக்கு மொத்தமாக டிக்கெட் வாங்கிப் பங்கு பிரித்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரி யார் கொடுப்பது?

இதழைத் திறந்து வைத்தாலும் செலவு ஓடிப்போவதில்லை. யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதுதான் மாறுகிறது. மாற்றம் என்ற பெரிய சொல்லுக்குள் இருக்கும் உண்மையான வேலை இதுதான். மென்பொருள், இணையதளம், அட்டை வடிவமைப்பு எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

எழுதியவரிடமே வாங்குவது ஒரு வழி. 2003-இல் தொடங்கிய பிளாஸ் பயாலஜி இதழ் கட்டுரைக்கு 1,500 டாலர் கட்டணம் வைத்தது. அன்று அது துணிச்சலான முயற்சி. பிறகு பெரிய பதிப்பகங்கள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. நேச்சர் இதழில் திறந்த அணுக்கமாக வெளியிட 2021 முதல் 9,500 யூரோ என்று அறிவித்தார்கள். நம் பணத்தில் எட்டு லட்சத்தைத் தாண்டும். படிக்கிறவருக்குத் திறந்த கதவு எழுதுகிறவருக்குச் சாத்தியாயிற்று. அபிஷேகப்பட்டியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு எட்டு லட்சத்துக்கு எங்கே போவது?

இந்தக் கட்டணமுறைக்கு நம் ஊரில் இன்னொரு அவலமான குழந்தையும் பிறந்தது. ‘மூன்று நாளில் வெளியீடு, கட்டணம் 1,500 ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் போலி இதழ்கள். பணம் வந்தால் மதிப்பீடு கிடையாது, மறுப்பும் கிடையாது. இவற்றைத் தடுக்கத்தான் பல்கலைக்கழக மானியக் குழு ‘கேர்’ என்ற பட்டியலை வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையும் கைவிட்டு, தரம் பார்ப்பதை நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். இதன் விளைவாக, எங்கள் பக்கத்தில் திறந்த அணுக்கம் என்றாலே ‘காசு கொடுத்துப் போடும் இதழா?’ என்று கேட்கும் அளவுக்குப் பெயர் கெட்டுக் கிடக்கிறது. மாற்றத்துக்கு உதவப் போகிறவர் முதலில் சந்திக்கும் கேள்வியே இதுவாக இருக்கும். எழுதியவரிடமும் வாங்காமல், படிப்பவரிடமும் வாங்காமல் நடக்கும் திறந்த இதழ்கள் உண்டு; அவற்றுக்கு வைர வழி என்று பெயர். பெங்களூரில் 1934-இல் சி.வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி தன் இதழ்களை எழுதுகிறவரிடம் காசு வாங்காமல் இணையத்தில் திறந்து வைத்ததை நான் உதாரணமாகச் சொல்வேன். பிரேசிலில் 1990-களின் பிற்பகுதியில் எழுந்த சைலோ என்ற கூட்டு மேடையில் பொதுப் பணத்தால் நடக்கும் இதழ்கள் ஏராளம்.

தங்க வழி, பச்சை வழி, கலப்பு வழி என்று நிறப் பெயர்கள் இன்னும் சில உண்டு. இதழே கட்டுரையைத் திறந்து வெளியிடுவது தங்கம், பேச்சு வழக்கில் கட்டணம் வாங்கும் இதழையே பெரும்பாலும் இப்படிச் சொல்வார்கள். இதழ் மூடியிருந்தாலும் எழுதியவர் தம் படியை ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைப்பது பச்சை. இயற்பியலாளர்கள் 1991 முதல் ஆர்க்சைவ் என்ற களஞ்சியத்தில் ஏறக்குறைய இதைத்தான் செய்துவருகிறார்கள். கலப்பு வழியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நூலகத்திடம் சந்தாவும் வாங்கிக்கொண்டு, அதே இதழில் விரும்பியவரின் கட்டுரையைக் காசு வாங்கித் திறந்து வைப்பது அது. தலைக்கட்டு வரியும் வாங்கிக்கொண்டு பந்தலில் டிக்கெட்டும் போடுவதற்கு என்ன பெயரோ அதுதான் இதற்கும். ஐரோப்பிய நிதி அமைப்புகள் 2018-இல் ‘பிளான் எஸ்’ என்று கூட்டாக ஒரு திட்டம் அறிவித்தபோது இந்த இரட்டை வரவை முடித்துவைக்கத்தான் பார்த்தன. முழுதாகத் திறப்பதற்கான இடைக்கால ஒப்பந்தங்களுக்கு 2024 இறுதி வரை ஆதரவு, அதற்குமேல் இல்லை என்று கெடு வைத்தன.

எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு முயற்சிகள். ஒன்று, ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தை மையமாகக் கொண்டு 2014-இல் தொடங்கிய ஸ்கோப்-3. துகள் இயற்பியல் இதழ்களுக்குத் தனித்தனியே கட்டிவந்த சந்தாப் பணத்தை உலக நூலகங்கள் ஒரே பானையில் போட்டன. பதிப்பகங்களுக்கு அதிலிருந்து பணம் போயிற்று, கட்டுரைகள் திறந்தன. எழுதியவர் சல்லிக்காசு கொடுக்கவில்லை. இது நமக்கு முற்றிலும் புதிதும் அன்று. எட்டயபுரத்துப் பாரதியின் எழுத்து தனியார் கைகளில் இருந்தபோது 1949-இல் சென்னை மாகாண அரசு அதன் உரிமையைப் பெற்றது. பின்னர் அது மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. இன்று யாரும் அச்சிடலாம், பாடலாம். யாரோ ஒருவர் முன்னால் வந்து தீர்த்துவைத்ததால்தான் அது நடந்தது.

மற்றொன்று ‘திறப்பதற்கான சந்தா’. அன்னுவல் ரிவ்யூஸ் என்ற லாப நோக்கமற்ற அமெரிக்கப் பதிப்பகம் 2020-இல் சில இதழ்களில் இதைச் சோதித்தது. 2023-இல் தன் இதழ்கள் அனைத்தின் அந்த ஆண்டுத் தொகுதிகளையும் இதே முறையில் திறந்தது. பழைய சந்தாதார நூலகங்களிடம் அவர்கள் சொல்வது இதுதான்: எல்லோரும் வழக்கம்போலச் சந்தா கட்டுங்கள், இந்த ஆண்டுத் தொகுதி உலகுக்கே திறக்கும், போதிய பேர் கட்டாவிட்டால் கட்டியவர்களுக்கு மட்டும்தான். இதை நான் முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். நம் வரி நோட்டேதான். வரி கூடினால் கொடை, கொடை நடந்தால் ஊருக்கே விருந்து. கூடாவிட்டால் இந்த வருடம் வெறும் பொங்கலோடு சரி.

ஒரு சிறிய இதழின் கணக்கு

எங்கள் இதழின் பொருளாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆசிரியர் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், அவர் சார். "சும்மா கொடுத்தால் சந்தா எவன் கட்டுவான்? சாரிடம் நீங்களே சொல்லுங்கள்" என்று அண்ணாச்சி முதல் நாளே எழுந்து நின்றுவிட்டார். நியாயமான கேள்வி. அதற்கு உபதேசம் செய்து பயனில்லை, கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

வசதிக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்வோம். சந்தாதாரர் 300 பேர், ஆண்டுச் சந்தா 400 ரூபாய். வரவு 1,20,000. இனி செலவு. இதழுக்கு 350 படி, படிக்கு 60 ரூபாய் அச்சுக்கூலி, ஆண்டுக்கு நான்கு இதழ்: 84,000. அஞ்சலுக்கு 300 பேருக்குப் பத்து ரூபாய் வீதம் நான்கு முறை: 12,000. பக்க வடிவமைப்பு இதழுக்கு 5,000 வீதம்: 20,000. ஆகச் செலவு 1,16,000. மிச்சம் 4,000, அது ஆண்டுக் கூட்டத்தில் காப்பி வடைக்குச் சரியாகப் போகும்.

இப்போது இந்த 1,16,000-இல் தாளுக்கும் தபாலுக்கும் போவது எவ்வளவு என்று பாருங்கள். 96,000. இணையத்தில் மட்டும் வெளியிட்டால் அந்தச் செலவு அப்படியே போய்விடும். பக்க வடிவமைப்பு 20,000 இருக்கும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதுவரை கொடுக்காத கூலி, சர்வர் வாடகை, இணைய முகவரிக் கட்டணம், கட்டுரை அடையாள எண்களுக்கான செலவு எல்லாவற்றுக்கும் தாராளமாக இன்னொரு 20,000 வைத்தாலும் மொத்தம் 40,000. ஆக, திறந்த இதழுக்குத் தேவை 1,20,000 என்று பயந்துகொண்டிருந்தோம். உண்மையில் தேவை அதில் மூன்றில் ஒரு பங்கு. 300 சந்தாதாரரில் 100 பேர் அதே 400 ரூபாயைத் தொடர்ந்து கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். தாளில்தான் படிப்பேன் என்பவருக்கு அடக்க விலையில் அச்சுப் படி தனியாக.

அண்ணாச்சி கணக்கை மூன்று முறை கூட்டிப் பார்த்தார். பிறகு, "நூறு தலைக்கட்டு தேறும்" என்றார். நான் வரி நோட்டு உவமையைச் சொல்வதற்கு முன்பே அவர் வாயில் அந்தச் சொல் வந்தது.

ஆசிரியர் குழுவின் உழைப்பும் மதிப்பீட்டாளர்களின் உழைப்பும் இந்தக் கணக்கில் இல்லை. அது எந்தக் காலத்திலும் எங்கள் நோட்டில் ஏறியதில்லை. அதை மறைத்துவிட்டுச் செலவு குறைவு என்று பெருமை பேசுவது நேர்மையாகாது. அந்த ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு முடியாமல் போகும் நாளில் என்ன செய்வது என்பதையும் மாற்றத்தின் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் திறக்கத் துணிவில்லாதவர்களுக்கு ஒரு படிக்கட்டு உண்டு. முதலில் பழைய இதழ்களைத் திறக்கலாம், அவற்றால் இனி வருமானம் வரப்போவதில்லை. அடுத்து, புதிய இதழை ஓராண்டு சந்தாதாரருக்கு மட்டும் வைத்திருந்து பிறகு திறக்கலாம். கறாரான இலக்கணத்தின்படி இது திறந்த அணுக்கம் ஆகாது. ஆனாலும் பூட்டியே கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். நாங்களும் இப்படித்தான் ஏறினோம்.

கையெழுத்தும் எழுத்துருவும்

பழைய இதழ்களைத் திறக்கலாம் என்று சொல்வது சுலபம். அவற்றைத் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? பதிப்பித்தவரிடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நம் சிற்றிதழ்களில் யார் யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள்? அஞ்சலட்டையில் ‘கட்டுரை கிடைத்தது, அடுத்த இதழில் வரும்’ என்பதோடு சரி. ஆகவே அந்தக் கட்டுரைகளின் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகளுக்கு வாரிசுகளிடம் இருக்கும்.

நாங்கள் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். பழைய சந்தா நோட்டிலிருந்து முகவரி எடுத்து, இறந்தவர்களின் பெயருக்கு நேரே வாரிசு யார் என்று விசாரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் கடிதம், அதோடு ஒப்புதல் படிவம். வீரவநல்லூரில் ஒரு வீட்டுக்கு நானே போனேன். எழுதியவர் இல்லை; மகன் இருந்தார். படிவத்தை இருமுறை படித்துவிட்டு, "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்றார். ஒன்றும் கட்ட வேண்டாம் என்றேன். "அப்படியானால் எவ்வளவு தருவீர்கள்?" அதுவும் இல்லை என்றேன். "கொடுக்கலும் இல்லை, வாங்கலும் இல்லை, பிறகு கையெழுத்து எதற்கு?" என்று கேட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த உரிமத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. உள்ளே போய் அப்பாவின் பேனாவையே எடுத்துவந்து கையெழுத்துப் போட்டார்.

இனி வரும் கட்டுரைகளுக்கு இந்த அலைச்சல் வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு 2002-இல் வெளியிட்ட பொது உரிமங்கள் இருக்கின்றன. கட்டுரையை ஏற்கும்போதே எழுதியவரிடம் அதற்கு ஒப்புதல் வாங்கிவிடலாம். உரிமை அவரிடமே இருக்கும், எல்லோருக்கும் அனுமதி மட்டும் கிடைக்கும். பெயரைச் சொன்னால் போதும் என்பது அவற்றில் மிகத் தாராளமானது. விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது என்று நிபந்தனை சேர்த்த வகைகளும் உண்டு. சாருக்குப் பெரிய பயம், யாராவது எங்கள் கட்டுரைகளை அள்ளித் தேர்வு நோட்ஸ் போட்டு விற்றுவிடுவார்களே என்று. அவர்கள் இப்போதும் அதைத்தான் செய்கிறார்கள் என்றேன். இனி பெயராவது போடுவார்கள். ஆனால் பாடகர்களிடம் களத்தில் போய்ப் பதிவு செய்த பாட்டுகள் அடங்கிய கட்டுரைகளுக்கு விற்பனைத் தடை உள்ள உரிமமே சரி என்று ஒப்புக்கொண்டேன். அந்தப் பாட்டு கட்டுரை எழுதியவருடையது மட்டும் அன்றே.

இனி எழுத்துரு. வெளியூர் வழிகாட்டிக் குறிப்புகள் எதிலும் வராத தலைவலி இது. எங்கள் இதழின் பதினைந்து ஆண்டுக் கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய தமிழ் எழுத்துருக்களில் இருந்தன. திரையில் அழகாகத் தெரியும். ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ‘தமிழ்’ என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக விழும். ஏனென்றால் அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்துவைத்தவை. கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. தேடுபொறிக்கும் தெரியாது. உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டோம் என்று மார்தட்டினாலும், ‘தோல்பாவை’ என்று தேடுகிறவருக்கு அந்தக் கட்டுரை வராது. யூனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றியே ஆக வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால் தட்டப்பட்டிருக்கும், ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். இந்த இடமாற்றத்தில் சில சொற்கள் கழன்றுவிடும். மனிதக் கண் வேண்டும்.

அதற்கும் முந்தைய ஈய எழுத்து இதழ்களை ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்தோம். மங்கிய அச்சில் அது ‘குளம்’ என்ற சொல்லைப் பல இடங்களில் ‘களம்’ என்று வாசித்தது. தாமிரபரணிப் பாசனம் பற்றிய கட்டுரையில் தண்ணீர் நிற்க வேண்டிய இடமெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கூலி வேண்டும் என்று நான் கணக்கில் அடம்பிடித்தது இதனால்தான்.

மீதி வேலைகள்

மற்றவை நடைமுறை. இதழை நடத்த ஓஜேஎஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கனடாவில் பொது அறிவுத் திட்டம் என்ற குழு 2001-இல் வெளியிட்டது; கட்டுரை வருவது முதல் வெளியாவது வரை அதிலேயே செய்யலாம். அச்சு இதழுக்கு ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண் இருந்தாலும் இணைய இதழுக்குத் தனி எண் வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் அவர் தரகர். கட்டுரை ஒவ்வொன்றுக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைத்தால் முகவரி மாறினாலும் மேற்கோள் செத்துப்போகாது. கிராஸ்ரெஃப் அமைப்பில் சேர்ந்து வாங்கினால் ஆண்டுக் கட்டணம் உண்டு. செர்ன் நடத்தும் ஜெனோடோ களஞ்சியத்தில் ஏற்றினால் செலவில்லாமலே கிடைக்கும். ஓராண்டு ஒழுங்காக நடத்திய பிறகு, திறந்த இதழ்களுக்கான உலக அடைவான டிஓஏஜே-க்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் கட்டணம் இல்லை. ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து ஆய்வுக் கட்டுரை, ஆசிரியர் குழுவின் பெயர்கள், மதிப்பீட்டு முறை, உரிமம் எல்லாம் வெளிப்படையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போலி இதழ் என்ற சந்தேகத்துக்கு நாம் காட்டக்கூடிய நல்ல சான்று அது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தென்மாவட்டத்தில் நான் அறிந்த ஒரு இதழ் எல்லாவற்றையும் திறந்து வைத்தது. பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் வெளியூர் வேலைக்குப் போனார். இணைய முகவரியைப் புதுப்பிக்கும் அறிவிப்பு அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது அந்த முகவரியைத் தட்டினால் ரம்மி விளையாட அழைக்கிறார்கள். பத்தாண்டு உழைப்பு அதோடு போயிற்று. உ.வே. சாமிநாதையர் சுவடி தேடித் திருநெல்வேலிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். ஒரே நூல் பல வீடுகளில் பெயர்த்தெழுதிக் கிடந்ததால்தான் ஓரிடத்தில் செல்லரித்தாலும் இன்னோரிடத்தில் அகப்பட்டது. இதழின் கோப்புகளையும் அப்படியே வைக்க வேண்டும்: சொந்தத் தளத்தில் ஒன்று, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் ஒன்று, ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஒன்று. திறந்த உரிமம் இருந்தால் இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எங்கள் பழைய இதழ்கள் திறந்த மூன்றாம் வாரம் சாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் பேராசிரியர் அல்லர், கணியான் கூத்து அண்ணாவி. இருபது ஆண்டுக்கு முன் அவர் பாடியதைப் பதிவு செய்து ஒருவர் எங்கள் இதழில் கட்டுரை எழுதியிருந்தார். அச்சில் வந்த படி அவர் கைக்குப் போகவே இல்லை. பேரன் கைபேசியில் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறான். "நல்லா எழுதியிருக்கிறார் ஐயா" என்றவர், சற்று நிறுத்தி, "ஆனால் மாடன் பிறப்பில் இரண்டு அடி விட்டுப்போயிருக்கிறது. பாடிக் காட்டட்டுமா?" என்று கேட்டார். சார் தொலைபேசியை மேசையில் வைத்து, ஒலியைக் கூட்டி, பேனாவைத் தேட ஆரம்பித்தார்.